சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கரண்டி

அந்த வைன் எண்பத்தெட்டாம் ஆண்டுப் பழத்தில் செய்தது. அதே ஆண்டில்தான் நானும் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். அந்த மார்கழியில் இத்தாலியில் ஒரு மேல்மாடியில் திராட்சைக் குலைகளைத் தட்டுகளில் படுக்க வைத்திருந்தார்கள். என்னை ஜேர்மனியில் ஒரு அகதி முகாமில், இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுக்க வைத்திருந்தார்கள். இருவரும் காய்ந்தோம். பிறகு இருவரையும் வெளிச்சம் படாத இடத்தில் வைத்தார்கள்: அதை மரப்பீப்பாயில், என்னைக் கொலோன் நகரத்தில் ஒரு இத்தாலிய உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில். நாங்கள் சந்தித்துக்கொண்டபோது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அதற்கு மதிப்புக் கூடியிருந்தது. நான் கோப்பை கழுவுவதிலிருந்து பீட்சா போடுவதற்கு ஏறியிருந்தேன்.

முதலாளி வெரோனாவுக்கு மேலே உள்ள குன்றுகளின் பக்கத்தவர். இருபது வருடம் ஜேர்மனியில் இருந்தும் அவருடைய டொச் மொழி, கை இல்லாவிட்டால் யாருக்கும் விளங்காது. இரண்டு கையிலும் தட்டு இருந்தால் அவர் ஊமை. அவருடைய ஊரில் குலைகளை வெட்டியவுடன் பிழிவதில்லை. நல்ல குலையாகத் தெரிந்தெடுத்து, ஒன்றோடு ஒன்று முட்டாமல் மூங்கில் தட்டுகளில் பரப்பி, மேல்மாடி யன்னல்களைத் திறந்துவிடுவார்கள். குளிர்காலம் உள்ளே வரும். ஒவ்வொரு பழமாகத் தொட்டுப் பார்க்கும். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். பழம் தன்னுடைய தண்ணீரையெல்லாம் கொடுத்துவிட்டு, கொடுக்க முடியாததை மட்டும் கையில் பொத்தி வைத்துக்கொண்டு சுருங்கும். தை மாதம் போலப் பிழிவார்கள். அந்தச் சாறு தன் இனிப்பையெல்லாம் தானே தின்று முடிக்கும்வரை நுரைத்துக்கொண்டிருக்கும். பிறகு வருடக்கணக்கில் மரத்துக்குள் கிடக்கும். பெயர் அமரோனே. கசப்பன் என்று தமிழில் சொல்லலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத ஒருவனுக்கு வைக்கக்கூடிய பெயர்.

முன்பு அதை இனிப்பாகத்தான் செய்தார்களாம். யாரோ ஒருவர் ஒரு பீப்பாயை மறந்துபோனார். அது அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் நுரைத்து, இனிப்பு முழுவதும் போய், இப்படி ஆகிவிட்டது. இந்தக் கதையை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும்போது பீப்பாயை மறந்தவர் முதலாளியின் பூட்டன். எங்களுக்குச் சொல்லும்போது அயல்வீட்டுக்காரர்.

நான் அந்தப் போத்தல்களைத் துடைத்து அடுக்கியிருக்கிறேன். குடித்ததில்லை. அது பெரிய மேசைகளுக்குப் போகிற சாமான். அடுப்புப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தக்காளியும் மாவும்தான் உறவு. இரவில் தலை துவைத்தால் இன்னொரு பீட்சா போடலாம் போல மா வரும்.

அவளைக் கொலோனில்தான் கண்டேன். தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுப் போட்டிக்கு ஹம்பேர்க்கில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பீட்சாவுக்குப் பொறுப்பாக விட்டிருந்தார்கள். சனத்துக்காகப் பச்சைமிளகாய் வெட்டிப் போட்டிருந்தேன். எல்லோரும் உறைக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். அவள் மட்டும் சாப்பிட்டுவிட்டு, "மிளகாய் முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். பிறகு நாங்கள் தொலைபேசி அட்டைகளை வாங்கி வாங்கி முடித்தோம். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள். தாய் இல்லை. வீட்டில் தகப்பனும் அவளும்தான்.

தகப்பன் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் இருந்தவர். சைவம். மச்சம் தொடமாட்டார், குடி என்ற சொல்லையும் தொடமாட்டார். தமிழ்க் கலியாண வீடுகளில் மண்டபத்துக்குப் பின்னால், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆம்பிளைகள் நிற்பார்கள் அல்லவா, அந்தப் பக்கம் தெரிந்துவிட்டால் மணவறைக்குப் போகாமலே திரும்பி வந்துவிடுவார். அதற்குக் காரணம் இருந்தது. மூத்த மகளைப் பாரிஸில் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன் குடிக்கிறவர். குடித்துவிட்டு, குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறவர். அந்த மகள் ஒரு நாள் தொலைபேசி எடுத்து, ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டாளாம். இவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். இளையவளுக்கு இது நடக்கக்கூடாது என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை.

ஆகவே எங்கள் விஷயத்தை அவள் சொன்னதும் அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். என்ன ஆக்கள்? எங்கே வேலை? முதலாவதுக்கு வந்த பதிலில் பிழை இல்லை. இரண்டாவதில் நான் விழுந்தேன். குடி விற்கிற இடம். "பொடியனை நேரிலை பாத்திட்டுத்தான் சொல்லுவன்" என்று ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்.

சனிக்கிழமை லீவு கேட்கப் போனதில் முதலாளிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் நிலவறைக்குள் இறங்கிப் போய், ஒரு போத்தலைப் பிள்ளை தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பெண்ணின் தகப்பன் வருகிறார். வெறுங்கையோடு நிற்பாயா?"

"அவர் குடிக்காதவர்," என்றேன்.

"இது குடிக்கிற வைன் இல்லை. தியானம் செய்கிற வைன்."

இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே திறந்து வைக்க வேண்டும், மூச்சு விடட்டும் என்றார். வயிறு அகன்ற கிளாசில் ஊற்ற வேண்டும். முற்றிய சீஸ் இருந்தால் நல்லது. அவசரப்பட்டால் அது கோபித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். கொடுக்கிறவரின் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வராது. அதோடு அது எண்பத்தெட்டாம் ஆண்டுப் போத்தல். என்னோடு வந்தவன்.

நான் அப்போது அக்கா, அத்தான் வீட்டில் இருந்தேன். அக்கா போத்தலைக் கண்டாள்.

"உனக்கென்ன விசரோடா? குடிக்காத மனுசன் வரேக்கை சாராயத்தைக் கொண்டந்து வைக்கிறாய்?"

"சாராயமில்லை அக்கா. வைன்."

"போத்திலுக்குள்ளை கிடந்தா எல்லாம் சாராயந்தான்."

"நல்லெண்ணெய்?"

"வாய் காட்டாதை. எங்கையெண்டாலும் ஒளி."

நிலவறைப் பூட்டின் திறப்பு அத்தானிடம், அத்தான் கார்த் தொழிற்சாலையில். கட்டிலுக்குக் கீழே வைப்போம் என்றேன். சம்பந்தம் பேச வருகிறவர்கள் கட்டிலுக்குக் கீழேதான் முதலில் பார்ப்பார்கள் என்று அக்கா அடித்துச் சொன்னாள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதன் நடுத்தட்டில் பெரிய பிள்ளையார் படம், திருநீற்றுக் கிண்ணம், சின்ன விளக்கு. அக்கா போத்தலைப் படத்துக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தாள். சாமிக்குப் பின்னால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. பக்தி குறைந்தவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது.

ரயிலடியில் அவரைச் சந்தித்தேன். மெலிந்த, நெடிய மனிதர். கோட்டு, கழுத்துத்துணி, நெற்றியில் மூன்று குறியும் அழியாமல். மழை இல்லாமலே குடை. ஹம்பேர்க்கில் இருந்து வந்த ரயிலில் யன்னல் ஒன்று பூட்டுப்படவில்லையாம், வழி முழுக்கக் குளிர்காற்று. இருமிக்கொண்டே இறங்கினார். வீட்டுக்குப் போக முதல் வேலைத்தலத்தைக் காட்டச் சொன்னார். உள்ளே வரமாட்டார். வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று, குடையை ஊன்றிக்கொண்டு, கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏழு வருடமாக வேலை செய்த இடம், வெளியே நின்று பார்க்க யாரோ ஒருவருடைய வீடு போலத் தெரிந்தது.

"சரி, போவம்," என்றார். அதில் இருந்து ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

வீட்டில் சோபாவின் விளிம்பில் இருந்தார். அக்கா தேத்தண்ணியும் உழுந்துவடையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இருக்கட்டும் பிள்ளை. பேச்சு முடியாமல் கை நனைக்கிறேல்லை."

அது தெரிந்த வழக்கம்தான். பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. வடை ஆறிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"நீர் குடிக்கிறனீரோ?"

"லீவு நாளிலை அத்தானோடை ஒரு பியர் குடிக்கிறனான், ஐயா."

குசினிக்குள் ஏதோ ஒரு மூடி விழுந்து, நெடுநேரம் சுழன்று, நின்றது.

"ஒண்டோ?"

"சில நேரம் ரெண்டு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தபோது இருமல் வந்தது. முதலில் தனியாக வந்தது, பிறகு குடும்பத்தோடு வந்தது. அக்கா ஓடிவந்து, "மல்லிக்கோப்பி போட்டுத் தரட்டே ஐயா? தேன் கிடக்கு" என்றாள். கையால் மறித்தார். தண்ணீரும் வேண்டாம் என்று தலையாட்டினார். "என்ரை அரிஷ்டத்தை விட்டிட்டு வந்திட்டன்," என்று இருமலுக்கு நடுவே ஒரு இடைவெளி பிடித்துச் சொன்னார். "திராட்சாரிஷ்டம். திராட்சை வத்தலிலை வடிக்கிற ஆயுள்வேத மருந்து. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கொழும்பிலை இருந்து வரும். உதுக்கு அதுதான்."

பிறகு எழும்பி, மனிதரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை என்பது போல, பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றார். திருநீறு எடுத்து நெற்றியில் பூசி, கொஞ்சம் வாயில் போட்டார். அப்போது இன்னொரு இருமல். பிடிமானத்துக்குத் தட்டைப் பிடித்தார். பிள்ளையார் ஒரு பக்கம் சரிந்தார். பின்னால் போத்தல் நின்றது.

குளிர்சாதனப் பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"உது என்ன, சாமிக்குப் பின்னாலை?"

"அதொண்டுமில்லை ஐயா," என்றாள் அக்கா.

"வைன், ஐயா," என்றேன் நான்.

அவர் அக்காவை நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பாக இருந்தது. குலுக்கினார். முதலாளி கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

"எதிலை செய்தது?"

"திராட்சைப்பழத்திலை."

"பழத்திலையோ, வத்தலிலையோ? பின்னாலை டொச்சிலை கிடக்கு, வாசியும்."

வாசித்தேன். தெரிந்தெடுத்த குலைகள். மாதக்கணக்கில் காற்றில் உலர்த்தியவை. மெதுவாக நொதிக்க விட்டது. பெரிய மரப்பீப்பாய்களில் வருடக்கணக்கில் முதிர்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் அவருடைய முகத்தில் ஒரு விளக்குக் கூடியது.

"வத்தலாக்கி, நொதிக்க விட்டு, மரப்பாண்டத்திலை மூடி வைச்சு எடுக்கிறது. பிறகென்ன? திராட்சாரிஷ்டமெல்லே!"

"இல்லை ஐயா. வைன்தான். இத்தாலிக்காரர் செய்யிறது."

"ஏன், இத்தாலிக்காரருக்கு இருமல் வாறேல்லையோ?"

போத்தலை என் கையில் தந்தார்.

"தம்பி, வைன் எண்டா எனக்குத் தெரியும். கந்தோரிலை கிறிஸ்தவ ஆக்கள் நத்தாருக்குக் கொண்டுவருவினம். நான் தொடேல்லை. ஆனா இனிப்பெண்டு சொல்லுவினம். சின்னப்பிள்ளையளும் குடிக்குங்கள். இதைத் திறவும். குடிச்சுப் பாத்துச் சொல்லும், இனிக்குதோ கசக்குதோ."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரைப் பார்த்தாள். அத்தானின் கத்தியில் ஒரு சுருள் ஆணி இருந்தது. திறந்து, தேத்தண்ணிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, அதைத் துடைத்து அடுக்கிய இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் குடித்தேன்.

எப்படிச் சொல்வது. முதலில் ஒரு பழைய அலுமாரியைத் திறந்த மாதிரி இருந்தது. மரமும் புகையிலையும். உள்ளே யாரோ செரிப்பழங்களை வைத்துவிட்டு மறந்திருந்தார்கள். இனிக்கப் போகிறது என்று நாக்கு முன்னே ஓடியது. அங்கே இனிப்பு இருக்கவில்லை. இனிப்பு இருந்த இடம் மட்டும் இருந்தது, படம் கழற்றிய சுவரில் தெரிகிற சதுரம் போல. பிறகு அந்தச் சதுரத்துக்குள்ளால் கசப்பு வந்து, ஆறுதலாக, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பிறகு சூடு. தொண்டையில் இருந்து நெஞ்சுக்கு ஒரு கம்பளி இறங்கியது.

"கசக்குது, ஐயா."

"அவ்வளவுதான். மருந்து. மருந்துக்கு விலக்கில்லை. பிள்ளை, சுடுதண்ணி கொஞ்சம் தாரும்."

பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி அளந்து, எவர்சில்வர் டம்ளரில் விட்டு, கேத்தலில் இருந்து சுடுதண்ணீர் ஊற்றி, கிழக்குப் பக்கம் திரும்பி நின்று குடித்தார். ஒரே மடக்கு. முகத்தைச் சுளித்தார். திருப்தியான சுளிப்பு. சோபாவில் வந்து, இந்த முறை விளிம்பில் அல்லாமல் நடுவில் இருந்தார். இருமல் போய்விட்டது. அக்கா போட்ட தேத்தண்ணியையும் வடையையும் கடைசிவரை தொடவில்லை. அதில் அவர் சரியான கண்டிப்பு.

வெளிக்கிடும்போது போத்தலைக் கேட்டார். மருந்தைத் தொடங்கினால் இடையில் விடக்கூடாதாம். அக்கா அதைத் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தாள். வாசலில் நான் மறுபடியும் சொன்னேன்.

"ஐயா, அது உண்மையிலை வைன்."

"சரி, சரி. பேர் என்னவாயும் இருக்கட்டும்."

"மற்றது… எங்கடை விஷயம்?"

"நீர் வேலை செய்யிற இடந்தான் எனக்குத் துண்டாப் பிடிக்கேல்லை. யோசிச்சுச் சொல்லுறன்."

அரிஷ்டத்திலும் புளித்து நுரைத்து வருகிற மதுசாரம் ஒரு பங்கு உண்டு. எங்கள் வீடுகளில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அது போத்தலுக்குள் தானாக வந்தது, ஒருவரும் ஊற்றியதில்லை. இந்த நியாயத்தை நான் அன்றைக்கே யோசித்திருந்தால் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன். யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வாழ்நாளில் தொடாத மனிதர் எங்கள் வீட்டில் தொட்டுவிட்டார். பிள்ளையாருக்கு முன்னால், என் கையால் திறந்து. இது அவருக்கு விளங்குகிற நாளில் நான் பாரிஸ் மருமகனை விடக் கீழே போய்விடுவேன்.

அவள் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா என்ன கொண்டந்தவர்?"

சொன்னேன்.

"கடவுளே. நீங்கள் சொல்லேல்லையே?"

"மூண்டு தரம் சொன்னனான்."

"சொன்னாக் காணுமே? விளங்கச் சொல்லியிருக்க வேணும்."

"நீர் சொல்லிப் பாருமன்."

அவள் சொல்லிப் பார்த்தாள். 'உனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்' என்று கேட்டாராம். போத்தலைக் குளிர் படட்டும் என்று யன்னலுக்கு வெளியே கட்டி வைத்திருந்தாராம். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கரண்டி. இருமல் மறைந்தது. நித்திரை வந்தது. காலையில் தேவாரத்தைச் சுருதியோடு படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். பிறகு கரண்டி கழுவுகிற வேலை எதற்கு என்று டம்ளரில் விரலால் ஒரு அளவு வைத்தார். விரல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மூத்த மகளோடு பாரிஸுக்குக் கதைக்கும்போது சிரித்தாராம். அந்தச் சிரிப்பைக் கேட்டு இவள் குசினிக்குள் போய் அழுதுவிட்டாள்.

"நல்ல சந்தோசமாத்தான் இருக்கிறார்," என்றாள். "அதுதான் பயமாக் கிடக்கு."

ஒரு கிழமைக்குள் போத்தல் முடிந்தது. கொழும்பு அரிஷ்டம் அலுமாரியில் திறக்காமல் இருந்தது. அதில் கசப்புக் காணாது என்றார். வெறும் போத்தலைக் கழுவி, சொப்பின் பையில் போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். இவர் போத்தலை மேசையில் வைத்து, மகளிடம், "இதிலை ரெண்டு வேணும் எண்டு சொல்லு" என்றார். அவள் சொன்னாள். அந்தப் பெண் கண்ணாடியைப் போட்டு முன்பக்கம் வாசித்தாள். பின்பக்கம் வாசித்தாள். அடைப்பு இல்லாத வாயை மணந்து பார்த்தாள். பிறகு, இது வைன் என்றாள். அருமையான வைன். தானும் கணவரும் நத்தாருக்கு மட்டும் வாங்குவார்கள். இந்த ஆண்டுப் போத்தல் இப்போது கிடைப்பதே கடினம்.

"என்னவாம்?"

அவள் அந்த இடத்தில் நினைத்தாளாம்: வேறு ஏதாவது சொல்லலாம். கையிருப்பு இல்லை என்று சொல்லலாம். எல்லாம் முடிந்துவிடும், அல்லது எல்லாம் தொடங்கிவிடும். அவளுக்கு அவரைத் தெரியும். பொய்யை எங்கே மோப்பம் பிடிப்பார், எங்கே பிடிக்கமாட்டார் என்று தெரியும். ஆனால் அவளுக்குப் பாரிஸ் அக்காவின் மூச்சுச் சத்தமும் தெரியும்.

"இது வைனாம் அப்பா. நல்ல வைனாம்."

அவர் அசையவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து மற்றப் பக்கம் போனார்கள்.

"இருமலுக்கு நல்லதோ எண்டு கேள்."

கேட்டாள். அந்தப் பெண் கடை முழுக்கப் பார்த்துவிட்டு, மருந்துகளுக்குக் கேட்காத குரலில், சின்னக் கிளாசில் சூடாக்கிக் குடித்தால் கெடுதல் இல்லை என்றாள்.

அவர் போத்தலை மறுபடி பைக்குள் வைத்தார். எஸ்-பான் ரயிலில் எதிரும் புதிருமாக இருந்தார்கள். வீட்டுக்குப் போய் முழுகினார். அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. தேவாரம் படிக்கவில்லை. அவள் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நான் எடுத்தால், மணி அடித்து அடித்து நின்றது.

அந்த நாட்களில் நான் போட்ட பீட்சாக்கள் ஒன்றும் வட்டமாக வரவில்லை. முதலாளி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, இது சார்டினியாத் தீவு என்றார். இன்னொன்றைப் பார்த்து, இது எங்கே என்று தனக்குத் தெரியவில்லை என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். கரண்டியைச் சொன்னேன், சுடுதண்ணீரைச் சொன்னேன். சுடுதண்ணீர் என்ற இடத்தில் அவர் கதிரையில் இருந்துவிட்டார். சம்பந்தம் குழம்பப் போகிறது என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு ஏறியது.

பின்னேரம், கடை திறக்க முதல், மா பிசைந்துகொண்டிருந்தேன். சமையலறைத் தொலைபேசி அடித்தது. முழங்கை வரை மாவோடு தோளில் வைத்துப் பிடித்தேன். அவள்.

"நான் அப்பாவோடை கதைச்சனான்," என்றாள்.

"என்னெண்டு?"

"நீ அவனோடை சேந்து என்னைக் குடிக்க வைச்சிட்டாய் எண்டார். நான் சொன்னன், அப்பா, அக்காவின்ரை மனுசன் குடிச்சிட்டுக் குடிக்கேல்லை எண்டு சொன்னவர். இவர் உங்களுக்கு முன்னாலை நிண்டு, இது வைன், இது வைன் எண்டு மூண்டு தரம் சொன்னவர். குடிச்சது நீங்கள்."

"கடவுளே."

"பொறுங்கோ. இன்னும் கிடக்கு. பிறகு கேட்டன், அப்ப ரெண்டிலை ஒண்டு சொல்லுங்கோ. ஒண்டில், அது குடி. அப்பிடியெண்டா ஒரு கிழமையா நீங்கள் குடிச்சிருக்கிறியள். இல்லாட்டி, அது மருந்து. அப்பிடியெண்டா அவர் மருந்து விக்கிற இடத்திலை வேலை செய்யிறார். எதெண்டு நீங்களே சொல்லுங்கோ."

நான் சுவரில் சாய்ந்தேன். சுவரில் என் முதுகின் வடிவத்தில் மா பதிந்தது. அப்படி ஒரு கேள்வியை அந்த மனிதரிடம் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கந்தோரில் மேலதிகாரிகள் கூட.

"என்ன சொன்னவர்?"

"எழும்பிப் போய்ச் சாமி படத்துக்கு முன்னாலை இருந்தார். கனநேரம் இருந்தார். நான் சோறு வடிச்சு, கறி வைச்சு, எல்லாம் முடிச்சிட்டன். அப்பவும் இருக்கிறார். பிறகு அங்கை இருந்தபடியே, திரும்பாமல், 'மருந்துதான்' எண்டார்."

மறுமுனையில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. நல்ல மூச்சு.

"அப்ப ஓமோ?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டு அவர் சொல்லேல்லை. வந்திருந்து சாப்பிட்டார். சாப்பிட்டிட்டு ஐயருக்குப் போன் எடுத்து, தைக்குப் பிறகு நல்ல நாள் எப்ப எண்டு கேட்டார். ஆருக்கு எண்டு ஐயர் கேட்டிருக்கிறார் போலை. பொடியன் கொலோனிலை, மருந்துச் சாமான் வியாபாரம் செய்யிற இடத்திலை எண்டார்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் மா பொதுவாக இருந்தது.

"ஆனா உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவர்," என்றாள்.

"என்ன?"

"அண்டைக்குக் கண்ணாடிக்குள்ளாலை பாத்தவராம். மருந்து குடுக்கிற இடத்திலை மேசைக்கு மேசை மெழுகுதிரி கொளுத்தி வைக்கிறது சரியில்லையாம். ஆக்கள் பிழையா விளங்கிக்கொள்ளுவினமாம். அந்த இத்தாலிக்காரரிட்டைச் சொல்லட்டாம்."

தொலைபேசியை வைத்துவிட்டு மேலே போனேன். முதலாளி மேசைத்துணிகளை விரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். சம்மதித்துவிட்டார் என்றேன். என்னைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவருடைய கறுப்பு மீசை வெள்ளையாகிவிட்டது. வேறு என்ன சொன்னார் என்று கேட்டார். மெழுகுதிரி விஷயத்தைச் சொன்னேன்.

முதலாளி மேசைகளைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மெழுகுதிரியை எடுத்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

"அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது," என்றார். "ஆனால் விளக்கை முழுக்கப் போட்டால் சுவரில் இருக்கிற ஈரம் தெரியும்."